ஓடச் சொல்லிக் கொடுக்காமல் ஓட்டப்போட்டி வைக்கிறோம்

வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆரம்பப் பிரிவுள்ள பாடசாலைகளின் அதிபர்களுக்கும், முதலாம் இரண்டாம் வகுப்புகளில் நாள் முழுக்கத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்திவிட்டு வீடு போகிற ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மாசி வெயிலில் ஒரு பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டி பார்க்கப் போயிருந்தேன். எந்தப் பாடசாலை என்று சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் அதே தகரப்பந்தல், அதே ஒலிபெருக்கி, அதே பிந்தி வரும் பிரதம விருந்தினர்தான். என் பேரன் மூன்றாம் வகுப்பு, எட்டு வயது, கொஞ்சம் உடம்பான பிள்ளை. ஐம்பது மீற்றர் ஓட்டத்துக்கு அவனையும் கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். விசில் ஊதி, பிள்ளைகள் பாதித்தூரம் போயிருப்பார்கள். ஒலிபெருக்கியில் நின்றவர் பகிடி விடுவதாக நினைத்து, "பின்னால ரிப்பர் ஒண்டு வருது, வழி விடுங்கோ பிள்ளையள்" என்றார். ரிப்பர் என்றால் மண் ஏற்றுகிற பெரிய லொறி. பந்தல் முழுக்கச் சிரித்தது. அவன் அப்படியே நின்றான். பிறகு கோட்டுக்கு வெளியே இறங்கி நடந்து போய், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றுகொண்டான். பரிசளிப்பு முடியும் வரைக்கும் அங்கிருந்து வரவில்லை. அன்றிலிருந்து விளையாட்டு உடுப்புப் போடவேண்டிய நாளெல்லாம் அவனுக்கு வயிற்றுக்குத்து.

அந்த மனிசனில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த மடலை எழுதவைத்தது வேறு ஒன்று. அவன் ஓடிய அந்தக் கொஞ்ச நேரமும் நான் அவனுடைய வயிற்றைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். பாதம் முழுவதும் 'தப்பு தப்பு' என்று தட்டையாக விழுந்தது. முழங்கால் உயரவில்லை. கைகள் முன்னும் பின்னும் போகாமல் நெஞ்சுக்குக் குறுக்கே வீசின. அந்தப் பிள்ளைக்கு ஓடத் தெரியாது. அவனுக்கு மட்டுமில்லை, ஆறு பேரில் மூன்று பேருக்காவது தெரியாது. மற்றவர்கள் மெலிந்தவர்கள் என்றபடியால் யாருக்கும் தெரியவரவில்லை.

யார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்? நான்தான். என்னைப் போன்றவர்கள்தான். 31 வருடம் ஆரம்ப வகுப்புகளில் படிப்பித்தேன். கிளிநொச்சியில், போரால் இடம்பெயர்ந்த இடங்களில் மரநிழலில், பிறகு செட்டிகுளம் முகாமில், திரும்பி வந்து கூரையில்லாத கட்டடத்தில். ஒரு பிள்ளைக்காவது ஓடச் சொல்லிக் கொடுத்தேனா என்று யோசித்தால் இல்லை. ஓட விட்டிருக்கிறேன். அது வேறு. என் வகுப்பில் கொஞ்சம் உடம்பான ஒரு பெண்பிள்ளை இருந்தாள். வெளியே விளையாடப் போகும்போதெல்லாம் அவளிடம் தண்ணீர்ப் போத்தல்களையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். பிள்ளை சங்கடப்படாமல் இருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் செய்தேன். மூன்று வருடம் அந்தப் பிள்ளை செருப்புக் காவல் காத்தது. இப்போது நினைத்தால் அந்த ஒலிபெருக்கிக்காரரைவிட நான் செய்ததுதான் கூடக் கெடுதி. அவர் ஒரு நாள்தான் செய்தார்.

உடலசைவைப் படிக்கிறவர்கள் அடிப்படைத் திறன்களை மூன்றாகப் பிரிப்பார்கள். ஓடுதல், பாய்தல், கெந்துதல், பக்கவாட்டில் நகர்தல் என்று ஓரிடம் விட்டு இன்னோரிடம் போகிற திறன்கள் ஒரு பக்கம். ஒரு பயிற்சிப் பட்டறையில் இதை 'இடம்பெயர்வுத் திறன்' என்று தமிழாக்கி வைத்திருந்தார்கள். வன்னியில் இருந்து போன நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தத் திறனில் எங்களை யாரும் வெல்ல ஏலாது. அடுத்தது எறிதல், பிடித்தல், உதைத்தல், அடித்தல் என்று ஒரு பொருளை ஆளுகிற திறன்கள். மூன்றாவது சமநிலை: ஒற்றைக்காலில் நிற்பது, மதகுக் கட்டில் நடப்பது, விழாமல் திரும்புவது.

எறிதலை எடுங்கள். வலக்கைக்காரப் பிள்ளை எறியும்போது இடக்கால் முன்னுக்கு வரவேண்டும். முதலில் இடுப்பு சுழலும், பிறகு தோள், கை கடைசியில்தான். பழக்காத பிள்ளை வலக்கையால் எறிந்துகொண்டு வலக்காலையே முன்வைக்கும், அல்லது நட்டு வைத்த கதியால் மாதிரி நின்று கையை மட்டும் வீசும். வயது வந்தால் தானாகச் சரிவரும் என்று நினைத்திருந்தேன். வராது. சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைகள் அப்படியே எறிவதைக் கண்டிருக்கிறேன். 'ஆனா' எழுதுவது வயது ஏறத் தானாக வந்துவிடும் என்று எந்த ஆசிரியராவது விட்டுவிடுவாரா? கையைப் பிடித்து மணலில் எழுதிப் பழக்குகிறோமே.

எங்களுக்கு யாரும் பழக்கவில்லை, நாங்கள் ஓடவில்லையா என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஊர் பழக்கியது. எட்டுக்கோட்டில் ஒற்றைக்காலில் கெந்திக் கெந்திப் போய், குனிந்து சில்லை எடுத்து, கோட்டை மிதிக்காமல் திரும்பி வருவது என்ன சின்ன வித்தையா? கிளித்தட்டில் மறிக்கிறவனுக்கு இடப்பக்கம் உடம்பைக் காட்டி வலப்பக்கத்தால் நழுவிப் பாயவேண்டும். பேணிப்பந்தில் அடுக்கிய பேணியைக் குறிபார்த்து எறிய வேண்டும், எதிராளி எறிகிற பந்துக்கு விலகவும் வேண்டும். பனங்காய் வண்டில், ரயர் உருட்டுவது, கிட்டி, வாய்க்காலைத் தாண்டுவது எல்லாம் பாடத்திட்டம்தான். அண்ணன்மாரும் அக்காமாரும் படிப்பித்தார்கள். செட்டிகுளத்தில், இரண்டு கூடாரக் கயிறுகளுக்கு நடுவில் இருந்த ஒரு பாய் அகல இடத்தில்கூடப் பெண்பிள்ளைகள் எட்டுக்கோடு கீறியிருந்தார்கள்.

பழைய காலத்தைப் புகழ்வதற்கு இதைச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் நாங்கள் மைல் கணக்கில் நடந்ததும் சைக்கிள் மிதித்ததும் உடம்புக்கு நல்லது என்று தெரிந்தல்ல, பெற்றோல் இல்லை. பிள்ளைகள் மெலிந்திருந்தது ஓடியதால் மட்டுமல்ல, சாப்பாடு போதாது. அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம். ஆனால் அது போகும்போது பிள்ளைகளின் கால்களுக்குப் பாடம் சொன்ன பள்ளிக்கூடத்தையும் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை.

இப்போது ஒரு பிள்ளையின் நாளைப் பாருங்கள். படலையடியில் மோட்டார் சைக்கிளில் ஏறி, பாடசாலை வாசலில் இறங்குகிறது. பாடசாலை விடும் வரைக்கும் வாங்கிலில். பிறகு ஓட்டோவில் ரியூசன். புலமைப்பரிசில் பரீட்சை ஐந்தாம் வகுப்பில்தான், ஆனால் ரியூசன் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கு வர மாலை மங்கிவிடும். 2020, 2021 இல் பாடசாலைகள் பூட்டியிருந்தபோது பாடத்துக்காகக் கையில் கொடுத்த போன் இன்னும் கையில் இருக்கிறது. நடந்து போகவிடுங்கோ என்று தாய்மாரிடம் சொன்னால், மண் ரிப்பர் ஓடுகிற ஓட்டத்தைக் காட்டுகிறார்கள். நியாயம்தான். ஒட்டுசுட்டான் பக்கம், மாங்குளம் பக்கம் என்றால் அந்திக்குப் பிறகு யானை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை வெளியூர் ஆய்வுகளில் காணமாட்டீர்கள். மீளக்குடியேறி வந்த காலத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் படிப்பித்தது அரிச்சுவடி இல்லை, மிதிவெடி. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் காட்டி, "ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதே, கிடக்கிறதைத் தொடாதே, காலால தட்டாதே, எறியாதே" என்று நாள்தோறும் சொன்னோம். சரியான பாடம், எத்தனையோ காலைக் காப்பாற்றிய பாடம். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 இல்தான். முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக இழுபட்டது. அந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைய இளம் தாய் தகப்பன்மார். நிலத்தைக் கண்டால் அவர்களுடைய கால் இன்னும் ஒரு கணம் யோசிக்கிறது. என் மகனும் அப்படித்தான். வெடி அகற்றிக் கையளித்த காணியிலும் "வளவுக்குள்ள நில்லு" என்றுதான் வாயில் வருகிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

சரி, நிறைக்கு வருகிறேன். என் பேரன் உயரம் 125 சென்ரிமீற்றர், நிறை 30 கிலோ. நிறையை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் உடற்திணிவுச் சுட்டி 19.2. என் மகன் அதைப் பார்த்துவிட்டு, "19 தானே அம்மா, 25 க்கு மேலதானே கூட" என்றான். அது வளர்ந்தவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து அளக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் எட்டு வயது ஆண்பிள்ளைக்கு நடுக்கோடு 15.7. 17.4 ஐத் தாண்டினால் அதிநிறை, 19.7 ஐத் தாண்டினால் உடற்பருமன். பேரன் இரண்டாவது கோட்டுக்குக் கிட்ட நிற்கிறான். வளருகிற பிள்ளை என்றபடியால் பட்டினி போட்டுக் கிலோ குறைக்கத் தேவையில்லை. நிறை ஏறுவது மெதுவாகி, உயரம் ஏறினால் போதும். இதையும் பல வீடுகளில் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் சோற்றைக் குறைத்துவிட்டு, பிள்ளை அழுதால் பிஸ்கற் கொடுப்பது. சோடாப் போத்தலில் 2016 இலிருந்து சீனியின் அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. பிறந்தநாள் வீடுகளில் அந்த வட்டத்தை யாரும் பார்த்து நான் காணவில்லை.

ஆனால் எங்கள் வகுப்புகளில் இப்போதும் மெலிந்த பிள்ளைகள்தான் கூட. அவர்களைப் பார்த்துத் திருப்திப்படவும் ஏலாது. அதே சுட்டியில் ஒரு ஐரோப்பியப் பிள்ளையையும் எங்கள் பிள்ளையையும் ஒப்பிட்டால், எங்கள் பிள்ளையின் உடம்பில் கொழுப்பின் பங்கு கூட, தசை குறைவு. நீரிழிவு எங்கள் ஊர்களில் மெலிந்தவர்களையும் விடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே குண்டுப்பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து ஓட்டுகிற திட்டம் எதுவும் எனக்கு வேண்டாம். தயவுசெய்து அப்படி ஒன்று தொடங்கிவிடாதீர்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நிறை பார்க்கும்போது எண்ணை உரத்து வாசிக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிற முப்பது பிள்ளைக்கும் அது அடுத்த ஒரு வருடத்துக்குப் பட்டப்பெயர்.

டேவிட் ஸ்ரொடன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2008 இல் இந்தச் சங்கதியை ஒரு சுழற்சியாக வரைந்தார்கள். எனக்கு அது ஏதோ என் வகுப்பறையைப் பார்த்து வரைந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் பிள்ளை ஆடி ஓடுவதால் திறன் வருகிறது. கொஞ்சம் வளர்ந்ததும் இது திரும்பிவிடுகிறது. திறன் உள்ள பிள்ளைதான் ஆட வருகிறது. நாலு வயதுப் பிள்ளையைக் கேளுங்கள், உலகத்தில் தன்னைவிட வேகமாக ஓடுகிறவர் இல்லை என்று சொல்லும். முயற்சியும் திறமையும் அதற்கு ஒன்றுதான். எட்டு வயதுக்குக் கிட்டவரும்போது மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தன்னை அளக்கத் தெரிந்துவிடும். தனக்கு வராது என்று கண்ட பிள்ளை மெல்ல ஒதுங்கும். ஒதுங்கினால் பழக்கம் இல்லை, பழக்கம் இல்லாவிட்டால் திறன் இல்லை, நிறை ஏறும், நிறை ஏறினால் ஓடுவது இன்னும் கஷ்டம். அந்த வரைபடத்தின் எல்லாக் கோடுகளும் பிறகு வந்த ஆய்வுகளில் ஒரே பலத்தோடு நிற்கவில்லை. ஆனால் நிறை கூடுவதும் திறன் குறைவதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன என்பது திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்.

அதாவது, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நிற்கிற வயது எட்டு. நாங்கள் சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தைத் தொடங்குவது ஆறாம் வகுப்பில், பதினொரு வயதில்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலசைவு வேண்டும் என்கிறது. எலும்பையும் தசையையும் பலப்படுத்துகிற பாய்ச்சல், ஏறுதல் போன்றவை வாரத்தில் மூன்று நாளாவது. முன்பள்ளி வயதான மூன்று, நான்குக்கு ஒரு நாளில் 180 நிமிடம். முன்பள்ளிகளில் அந்த வயதைக் கதிரையில் இருத்தி ஆங்கில எழுத்து எழுதப் பழக்குகிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள் என்று. அது இன்னொரு மடலுக்கு.

நான் உங்களிடம் 60 நிமிடம் கேட்கவில்லை. தரமாட்டீர்கள் என்று தெரியும். முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு நாளும் காலையில் 20 நிமிடம் கேட்கிறேன். இறைவணக்கம் முடிந்தவுடன், வெயில் ஏறமுதல். விளையாட்டு ஆசிரியர் வேண்டாம், வகுப்பாசிரியர் போதும். மைதானம் வேண்டாம், வகுப்பறை வாசலில் வேம்பின் கீழ் இருக்கிற இடம் போதும். மாரி மழையில் வாங்குகளைச் சுவரோடு ஒதுக்கலாம். ஒரு வாரம் கெந்துதல் மட்டும், வலக்கால், இடக்கால். அடுத்த வாரம் எறிதல். பழைய சாரத்தைச் சுருட்டி ரப்பர் பட்டியால் கட்டினால் பந்து. பிடிக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு இந்தத் துணிப்பந்துதான் நல்லது, முகத்தில் பட்டாலும் நோகாது. ஆளுக்கொரு பந்து இருக்கவேண்டும். ஒரு பந்தை வைத்து முப்பது பேரை வரிசையில் விட்டால் ஒரு பிள்ளைக்கு இரண்டு தரம்தான் எறியக் கிடைக்கும், மீதி நேரம் அடிபிடி. ஆசிரியர் பார்க்கவேண்டியது யார் முதலாவது என்பதை அல்ல, எந்தக் கால் முன்னுக்கு வருகிறது என்பதை.

அந்த 20 நிமிடத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் எடுக்கவிடாமல் வைத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது. குழப்படி செய்த பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிற தண்டனையையும் நிறுத்துங்கள். தண்டனையாகப் பழகிய ஒன்றை யார் ஆசைப்பட்டுச் செய்வார்கள்?

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நாலாம் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும், "பொம்பிளைப்பிள்ளை, காணும் துள்ளினது" என்று வீடு கூப்பிட்டு எடுத்துவிடுகிறது. பாடசாலையில் ஆண்பிள்ளைகள் துடுப்பும் பந்துமாக முற்றத்தைப் பிடித்துவிடுவார்கள், இவர்கள் ஓரத்தில் கொக்கான் வெட்டுவார்கள். எறிவதிலும் பிடிப்பதிலும் அவர்கள் பின்தங்குவதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். கைகள் வேறு என்பதால் மட்டும் அல்ல. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயது தாண்டி, 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கம் கொண்டுவந்தார். எல்லாரும் மாலை போட்டோம், படம் எடுத்தோம். அவருடைய ஊரைச் சுற்றியுள்ள பத்து வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இன்று பின்னேரம் ஓட எந்த இடம் திறந்திருக்கிறது என்றும் கேட்டிருக்கலாம். பாடசாலை மைதானங்கள் மூன்று மணிக்குப் பூட்டப்படுகின்றன. பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிச் சுற்றுமதில் கட்டித் தந்ததன் பலன் அது. அடுத்த முறை அனுப்புகிறவர்கள் மாலையில் இரண்டு மணித்தியாலம் படலையைத் திறந்து வைத்து நிற்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் மதிலைவிட மலிவு.

விளையாட்டுப் போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. இல்லத்துக்குச் சோடிப்பதும் அணிநடையும் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். ஆரம்பப் பிரிவுக்கு மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். தேசிக்காயும் கரண்டியும், சாக்கோட்டம், குறிபார்த்து எறிதல், கெந்தி ஓடுதல், கிளித்தட்டு என்று எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றிலும் இறங்கட்டும். புள்ளி இல்லத்துக்குப் போகட்டும். ஐப்பசியில் எவ்வளவு தூரம் பாய்ந்தது, மாசியில் எவ்வளவு தூரம் என்று அந்தப் பிள்ளையின் பழைய அளவோடு ஒப்பிட்டுச் சான்றிதழில் எழுதுங்கள். ஒலிபெருக்கியை வாய் அடக்கம் உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற மனிசி வீட்டில் இருந்துகொண்டு சொல்லுகிறாள் என்று நினைக்கவேண்டாம். பங்குனியிலிருந்து எங்கள் வளவில் பின்னேரம் நாலரைக்கு அயலில் உள்ள பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். பின்னால் இரணைமடுவின் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதற்கு முன்னால் உள்ள வெறும் நிலத்தில் சாம்பலால் எட்டுக்கோடு கீறியிருக்கிறேன். முதல் வாரம் பேரன் வரவில்லை, யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாம் வாரம் பந்து பொறுக்கித் தர வந்தான். செருப்புக் காவலுக்கு மட்டும் அவனை விடவில்லை. இப்போது பத்தடி தூரத்தில் இருந்து பேணியை அடிக்கிறான், இடக்கால் முன்னுக்கு வைத்து. இடக்காலில் கெந்த இன்னும் வராது, நாலாவது கட்டத்தில் விழுவான், எழும்புவான். நிறை அதே 30 கிலோ. ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறான்.

அடுத்த போட்டிக்கு இல்லப் பயிற்சி தொடங்கமுதல் இதைப்பற்றிப் பேச உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் வருவேன். நாற்பது துணிப்பந்து தைத்து ஒரு உரப்பையில் வைத்திருக்கிறேன். பஸ் காசு என்னுடையது. மத்தியானச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பக்கல்வி ஆசிரியை ஒருத்தி,
வட்டக்கச்சி.